விளையாட்டின் விதியை வாசித்தல்: 'வெண்பா'வை முன்வைத்துச் சில குறிப்புகள்

இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் வகுப்புக்கு வராத மூன்று மாணவர்களைத் தேடிப் பாடசாலையின் பின்புறம் போனேன். மதிலுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இடையில், ஒரு கைத்தொலைபேசியைச் சூழ்ந்து குந்தியிருந்தார்கள். திரையில் துப்பாக்கிச் சண்டை. காலையில் குளிரில் பேனை பிடிக்க முடியவில்லை என்று சொன்ன விரல்கள் அந்தக் கண்ணாடியின் மேல் பறந்துகொண்டிருந்தன.

"யாரச் சுடுறீங்க?" என்று கேட்டேன்.

"எதிரிய, சேர்."

"எதிரி யாரு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மத்த எல்லாரும்தான், சேர்" என்றான் ஒருவன்.

கைத்தொலைபேசியை வாங்கி வைத்துப் பெற்றோரை அழைத்துப் பேசினேன். ஓர் ஆசிரியர் செய்ய வேண்டியது அதுதான். ஆனால் அந்தப் பதில் பல நாட்களாக என்னை விடவில்லை. அவன் குறும்புக்காக அப்படிச் சொல்லவில்லை. தான் ஆடிய விளையாட்டின் விதியை ஒரே வாக்கியத்தில் சரியாகச் சொல்லியிருந்தான். 2017இல் வெளியான 'ஃப்ரீ ஃபயர்' என்ற அவ்விளையாட்டில் ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். பாதுகாப்பான நிலப்பரப்பு வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. சுமார் பத்து நிமிடத்தில் ஒருவரோ ஒரு குழுவோ மட்டும் எஞ்ச வேண்டும். அந்தத் தீவில் தன் குழுவுக்கு வெளியே நிற்கும் எவரும் எதிரியே. அயலவன் என்ற ஒருவனுக்கு அங்கே இடம் வகுக்கப்படவில்லை.

வீடியோ விளையாட்டுகள் பற்றி எம்மவர் மத்தியில் இரண்டு பேச்சுக்களே வழக்கில் உள்ளன. ஒன்று, அது நேரத்தை வீணாக்கித் தொழுகையை மறக்கடிக்கிறது என்ற மிம்பர்ப் பேச்சு. மற்றது, அது கண்ணையும் படிப்பையும் கெடுக்கிறது என்ற பெற்றோர் கூட்டப் பேச்சு. இரண்டும் பிழையானவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டுமே எல்லா விளையாட்டுகளையும் ஒரே பண்டமாகப் பார்க்கின்றன. நாவலிலே நல்லதும் தீயதும் உண்டு, கவிதையிலே உண்மையும் போலியும் உண்டு என்று பிரித்துப் பார்க்கப் பழகிய இலக்கியக்காரர்களாகிய நாம், எமது பிள்ளைகள் எமது புத்தகங்களைவிட அதிக நேரம் தங்கியிருக்கும் ஒரு வடிவத்தை வாசிக்காமலே ஒதுக்கிவிட்டோம். 2020இலும் 2021இலும் கொரோனாவினால் பாடசாலைகள் மூடிக்கிடக்க, பாடமே கைத்தொலைபேசிக்குள் போனது. பாடத்தைத் தேடிப் போன பிள்ளையின் கையில் விளையாட்டும் வந்து சேர்ந்தது. அதன் பின்னரும் ஒதுக்கி வைத்திருப்பதற்கு நியாயம் இல்லை.

இது எமது மரபுக்குப் புதிய வேலையும் அன்று. அப்பாஸிய காலத்து பக்தாதில் வாழ்ந்த அபூபக்ர் அஸ்-ஸூலீ என்பாரை அறபு இலக்கியம் கற்றோர் அறிவர். கவிஞர் அபூ தம்மாமின் வாழ்வையும் கவிதையையும் பற்றி எழுதியவர். கவிஞர்களின் திவான்களைத் தொகுத்தவர். அதே மனிதர்தான் அக்காலத்தின் தலைசிறந்த சதுரங்க வீரர். சதுரங்கத்தைப் பற்றி நூல் எழுதியவர். பத்தாம் நூற்றாண்டில் ஓர் இலக்கிய விமர்சகர் விளையாட்டைப் பற்றி எழுதுவதைத் தனக்குக் குறைவாக நினைக்கவில்லை.

ஃபிக்ஹு நூல்களைப் பார்த்தாலும் அப்படித்தான். பகடை உருட்டி ஆடும் 'நர்து' விளையாட்டையும் சதுரங்கத்தையும் எமது இமாம்கள் ஒரே தட்டில் வைக்கவில்லை. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நர்து கடுமையாகத் தடுக்கப்பட்டது. சூதும் தொழுகை தவறுதலும் சேராதவிடத்துச் சதுரங்கம் வெறுக்கத்தக்கது என்ற அளவில் நின்றது. ஏனைய மத்ஹபுகள் இதில் மேலும் இறுக்கமானவை என்பதும் உண்மை. இங்கே நான் கவனிப்பது தீர்ப்பை அன்று, தீர்ப்புக்கு அவர்கள் போன வழியை. ஒன்றில் பகடையின் அதிர்ஷ்டம் ஆள்கிறது, மற்றதில் ஆடுபவனின் சிந்தனை ஆள்கிறது என்று அவர்கள் வேறுபடுத்தினார்கள். காயில் என்ன உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், விளையாட்டின் விதி ஆடுபவனை எத்தகைய மனிதனாக்குகிறது என்று கேட்டார்கள். விளையாட்டு விமர்சனத்தின் முதற்கேள்வி அதுவே. அந்தக் கேள்வியை நாம் இடையில் எங்கோ தவறவிட்டுவிட்டோம்.

*

விதிதான் விளையாட்டின் ஆசிரியர் கூற்று என்பதற்குப் பரமபதம் நல்ல சாட்சி. பாம்பும் ஏணியும் கொண்ட அப்பலகை இந்திய மண்ணில் ஒழுக்கத்தையும் வினைப்பயனையும் கற்பிக்கப் பயன்பட்டது. பழைய பலகைகள் பலவற்றில் ஏணிகளைவிடப் பாம்புகள் அதிகம். நல்லவனாதல் கடினம் என்பதைச் சொல்ல அதற்கு ஒரு வாசகமும் தேவைப்படவில்லை. இதே பலகைக்கு ஸூஃபி வடிவம் ஒன்றும் உண்டு. 'ஷத்ரஞ்ஜுல் ஆரிஃபீன்', அதாவது ஞானியரின் சதுரங்கம் என்று அதற்குப் பெயர். இப்னு அறபியோடு அதனைத் தொடர்புபடுத்தும் மரபு இருக்கிறது. நஃப்ஸின் குணங்கள் கட்டங்களாகின்றன; ஆணவமும் பேராசையும் பாம்புகளாகக் கீழே இழுக்கின்றன; உச்சியில் இறைவனில் கரைதல். ஒரு விளையாட்டைக் கண்டு விலகி நிற்காமல் அதனைத் தம் தரிசனத்துக்கேற்ப மாற்றி வடிவமைத்த முஸ்லிம்கள் இருந்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பலகை இங்கிலாந்துக்குப் போனது. அங்கே நாளடைவில் குணங்களின் பெயர்கள் உதிர்ந்து, எண்களும் படங்களும் மட்டும் மிஞ்சின. இன்று எமது கடைகளில் விற்கப்படும் பலகை அந்த உதிர்ந்த வடிவமே.

மின்திரைக்கு வந்த பிறகும் இந்த இலக்கணம் மாறவில்லை. 1978இல் ஜப்பானில் தொமொஹிரோ நிஷிகாதோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை வடிவமைத்தார். மனிதர்களைச் சுடுவதாக அமைப்பது முறையல்ல என்று கருதப்பட்டதால், சுடப்படுவோர் வேற்றுக்கிரகப் பிராணிகளாக ஆக்கப்பட்டார்கள். அவர்கள் குறையக் குறைய எஞ்சியவர்களின் வேகம் கூடும். அக்காலக் கணினியின் வலுக்குறைவினால் நேர்ந்த விளைவு அது. திரையில் உருவங்கள் குறைந்தால் மீதியை வேகமாக வரைய முடிந்தது. அதைக் குறையென்று நீக்காமல் விதியாகவே விட்டுவைத்தார் வடிவமைப்பாளர். ஆடுபவனின் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டியது அந்த விதி.

1980இல் அமெரிக்காவில் டேவ் தியூரர் 'மிஸைல் கமாண்ட்' செய்தார். ஆறு நகரங்களை ஏவுகணைகளிலிருந்து காப்பாற்ற வேண்டும். எவ்வளவு திறமையாக ஆடினாலும் ஏவுகணைகள் பெருகும், நகரங்கள் அழியும். வெற்றி என்ற ஒன்றே அதில் இல்லை. அணு யுத்தத்தில் எவரும் வெல்வதில்லை என்று அந்த விளையாட்டு பிரசங்கம் செய்யவில்லை. வெல்ல முடியாதபடி விதியை எழுதி வைத்தது. ஒரு கவிஞன் சொல்லால் செய்வதை இவர் கணக்கால் செய்தார் எனலாம்.

*

பிற்காலத்தில் மனிதரைச் சுடுவதில் இருந்த தயக்கம் இந்தத் துறையை விட்டுப் போய்விட்டது. சுடப்படுபவன் யார் என்ற கேள்விக்கு 2001க்குப் பிறகு அமெரிக்க யுத்த விளையாட்டுகள் பலவற்றில் கிடைத்த விடை எமக்குப் பழக்கமான முகம்: தலைப்பாகை, தாடி, மணல் நிறத் தெரு, மினாரா.

2002 ஜூலை 4ஆம் திகதி அமெரிக்க இராணுவமே ஆட்சேர்ப்பை நோக்காகக் கொண்டு 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. 2022இல் அது மூடப்பட்டது. அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு அணிகள் மோதும்போது, ஒவ்வொரு அணிக்கும் தன் திரையில் தான் அமெரிக்க இராணுவமாகவே தெரியும். எதிரணிதான் பகைவனாகத் தெரியும். மறுபக்கத்தில் இருப்பவனுக்கும் அவ்வாறே. ஆகவே அந்த விளையாட்டில் பகைவனாக இருந்து பார்த்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் அவனைச் சுட்டிருக்கிறார்கள். எவரும் அவனாக இருந்ததில்லை. 'மற்றமை' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய எமது விமர்சகர்கள் இந்த ஒரு விதியைப் பார்த்திருந்தால் பாதிக் கட்டுரையை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

நாம் எதிர்த்தவை எவை? 2009இல் வெளிவந்த ஒரு 'கோல் ஒஃப் டியூட்டி' விளையாட்டில், ஒரு குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த படச்சட்டத்தில் அல்லாஹ்வின் அழகைப் பற்றிய நபிமொழி எழுதப்பட்டிருந்தது. 2012இல் முஸ்லிம்கள் முறையிட, அந்தக் களம் தற்காலிகமாக நீக்கப்பட்டது. அதே வரிசையில் 2021இல் வந்த விளையாட்டொன்றில் குர்ஆனின் தாள்கள் தரையில் சிதறிக் கிடந்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அவற்றை அகற்றியது. இந்த எதிர்ப்புகள் நியாயமானவை. எனக்கும் நெஞ்சு வலித்தது. ஆனால் தாள்களை அகற்றிய பிறகு நாம் அமைதியானோம். மினாராக்களுக்கு நடுவே, பெயரில்லாத தாடிக்காரர்களை எண்ணிக்கையில்லாமல் சுடும் விதி அப்படியே இருந்தது. அதைப் பற்றி ஒரு கண்டனக் கூட்டம் நடந்ததாக நான் அறியேன். சுவரில் இருந்ததைப் படித்தோம். சுவருக்குள் நடந்ததைப் படிக்கவில்லை.

மேற்பரப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதன் விலையை இந்நாட்டில் எம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர், மே மாதத்தில், எமது பதுளை மாவட்ட எல்லைக்கு அப்பாலுள்ள ஹஸலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவருடைய உடையில் இருந்த சித்திரம் தர்மச் சக்கரம் என்பது குற்றச்சாட்டு. அது கப்பலின் சுக்கான் சக்கரம். படத்தைப் பார்த்தார்கள், வாசிக்கவில்லை. அந்த அவசர வாசிப்பினால் காயப்பட்ட சமூகம், கலைகளை அணுகும்போது அதே அவசரத்தைக் கைக்கொள்ளலாகாது.

*

குறியாக்கப்பட்டவர்கள் தாமும் விளையாட்டு எழுதத் தொடங்கியது இந்த வரலாற்றின் அடுத்த கட்டம். 2001இல் டமஸ்கஸின் தாருல் ஃபிக்ர் பதிப்பகம் 'தஹ்தர் ரமாத்' (சாம்பலின் கீழ்) என்ற விளையாட்டை வெளியிட்டது. அஹ்மத் என்ற பலஸ்தீன இளைஞனாக ஆட வேண்டும். பொதுமக்களைக் கொன்றால் ஆட்டம் தோல்வி என்ற விதி அதில் மதிக்கத்தக்கது. ஆயினும் அடிப்படையில் அது மேற்கின் துப்பாக்கி விளையாட்டைத் திருப்பி வைத்ததே. சுடுபவனும் சுடப்படுபவனும் இடம் மாறினார்கள். துப்பாக்கி இருந்த இடத்திலேயே இருந்தது.

2016இல் நப்லூஸைச் சேர்ந்த ரஷீத் அபூஈதா வெளியிட்ட 'லைலாவும் யுத்தத்தின் நிழல்களும்' அந்த வட்டத்தை உடைத்தது. 2014 காஸா யுத்தம் அதன் களம். ஆடுபவர் ஒரு தந்தை. கையில் ஆயுதம் இல்லை. கறுப்புச் சாம்பல் நிழல்களிடையே மனைவியையும் மகள் லைலாவையும் அழைத்துக்கொண்டு ஓட வேண்டும். இடையிடையே தெரிவுகள் கேட்கப்படும். எந்தத் தெரிவும் காப்பாற்றுவதில்லை. வழக்கமான விளையாட்டு "நீ சரியாகத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாய்" என்று சொல்லும். காஸாவில் இறந்தவர்கள் பிழையாகத் தெரிந்ததால் இறந்தவர்கள் அல்லர் என்பதை இவர் விதியாலேயே சொன்னார். ஆப்பிள் நிறுவனம் முதலில் இதனை விளையாட்டுப் பிரிவில் ஏற்க மறுத்து, செய்திப் பிரிவுக்கோ உசாத்துணைப் பிரிவுக்கோ போகச் சொன்னது. எதிர்ப்பின் பின் சில நாட்களில் முடிவை மாற்றியது. எம்மைச் சுடுவது விளையாட்டு, நாம் சாவது அரசியல் என்ற அந்த வகைப்படுத்தலே ஒரு விமர்சனக் கட்டுரைக்குப் போதும். 2023 ஒக்டோபருக்குப் பிறகு காஸாவில் நடந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிறிய விளையாட்டு முன்னறிவிப்புப் போலத் தோன்றும்.

*

இனித் தமிழுக்கு வருவோம். 2023 ஜூலை 31ஆம் திகதி, ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் வடிவமைப்பாளர் அபி. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் என்ற மூவரின் கதை. 2024இல் இது பிரித்தானியாவின் பாஃப்டா விருதை முதற்படைப்புக்கான பிரிவிலும், சுயாதீன விளையாட்டு விழாவின் மிக உயர்ந்த பரிசையும் பெற்றது. தமிழ்க் குடும்பமொன்றைப் பற்றிய விளையாட்டுக்குக் கிடைத்த இந்தச் செய்தியை எமது சிற்றிதழ்களில் நான் காணவில்லை.

இதில் ஆடுபவர் செய்வது சமையல். வெண்பாவிடம் தாய்வழி வந்த சமையற் குறிப்பேடு இருக்கிறது. அது கிழிந்தும் மை கலைந்தும் போனது. இட்லி, புட்டு, பிரியாணி, தோசை என்று ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். விடுபட்ட படியை யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக எப்படியும் அடுக்க முடியாது. கீழ்த்தட்டின் குழியும் மேல்தட்டின் துளையும் மாறிமாறி அமைந்தால்தான் ஆவி மேலேறும். எமது உம்மாமார் சொல்லிக்கொடுக்காமலே செய்யும் இந்த அறிவைப் புதிராக்கி, ஆடுபவரின் கையாலேயே கண்டுபிடிக்க வைக்கிறது விளையாட்டு. பிழைத்தால் தண்டனை இல்லை; மீண்டும் செய்து பார்க்கலாம். புள்ளிகள் இல்லை, எதிரி இல்லை. அம்மா பக்கத்தில் நின்று சொல்லித்தரும் அடுப்படியின் பொறுமை இதன் விதிக்குள் இருக்கிறது.

இதன் உச்சம் என்று நான் கருதுவது, பிற்பகுதியில் ஆட்டம் கவினின் கைக்கு மாறும் இடம். வளர்ந்துவிட்ட அவன், தாயின் குறிப்பை வைத்துக்கொண்டு தனியே சமைக்க முயல்கிறான். ஆனால் அவனுக்குத் தமிழ் வாசிப்புத் தட்டுத்தடுமாறும். முதலில் ஏடு கிழிந்ததால் வந்த இடைவெளி, இப்போது மொழி கிழிந்ததால் வருகிறது. புதிர் ஒன்றுதான், அதன் காரணம் மாறிவிட்டது. தலைமுறை இடைவெளி பற்றிப் புலம்பெயர் சிறுகதைகள் எத்தனையோ படித்திருக்கிறோம். இங்கே வாசகர் அதனைப் படிக்கவில்லை. அந்த இடைவெளியில் தாமே நின்று தடுமாறுகிறார். வேறெந்த வடிவத்தாலும் இதனை இவ்விதம் செய்ய முடியாது. ஆகவே 'வெண்பா'வை ஒரு கலைப்படைப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

குறைகளும் உண்டு. உரையாடலில் தெரிவுகள் தரப்படுகின்றன. கதையின் போக்கை அவை பெரிதும் மாற்றுவதில்லை. 'லைலா'வில் தெரிவின் பயனின்மையே பொருளாயிற்று. இங்கே அது அலங்காரமாக நிற்கிறது. அடுத்து, பண்பாட்டின் முழுப் பாரத்தையும் உணவின் தலையில் ஏற்றிவிட்டது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாழ்வில் சாதியும் சமயமும் ஊரும் வகிக்கும் இடம் இதில் மிக மெலிதாகவே தெரிகிறது. ரொறன்ரோவின் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போனவர்கள். அந்த நகரத்தைக் களமாகக் கொண்ட கதையில் எமது யுத்தத்தின் நிழல் விழவில்லை. ஒரு படைப்பாளி தான் அறிந்த குடும்பத்தை எழுதுவது அவர் உரிமை. ஆனால் எழுதப்படாத குடும்பங்கள் இன்னும் எழுதப்படவில்லை என்பதைச் சொல்வது விமர்சனத்தின் கடமை.

எழுதப்படாதவற்றில் எமது குடும்பங்களும் அடங்கும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிமின் கதைக்கு என்ன விதி அமைக்கலாம்? எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று குறுகிய நேரத்தில் தீர்மானிக்க வேண்டிய ஒரு வீட்டை யாராவது வடிவமைத்தால் எப்படியிருக்கும்? மலையகச் சிறுநகரில், தோட்டத்து மக்களுக்குக் கடன் கொடுத்தும் வாங்கியும் வாழும் ஒரு முஸ்லிம் கடைக்காரரின் கடன் கொப்பிக்கு என்ன விதி?

கணினி இல்லாமல் இதெல்லாம் எப்படி என்று கேட்கலாம். திரைக்குப் போகுமுன் விளையாட்டைக் கடதாசியில் ஆடிப் பார்ப்பது வடிவமைப்பாளர்களின் வழக்கம். கடதாசி எங்களிடமும் இருக்கிறது. சென்ற தவணையில் அந்த மூன்று மாணவர்களையும் இன்னும் சிலரையும் சேர்த்து, பழைய காட்போர்ட் பெட்டியை வெட்டி, கடன் கொப்பி விளையாட்டைச் செய்யச் சொன்னேன். ஒருவர் கடைக்காரர், மற்றவர்கள் தோட்டத்துக் குடும்பங்கள். சம்பள நாளுக்கு முன் மாவும் பருப்பும் கடனுக்குக் கேட்பார்கள். கடனைத் திருப்ப முடியாத மாதமும் வரும். விதிகளை அவர்களே எழுதினார்கள். அதிகப் பணம் சேர்த்தவர் வெற்றி என்று முடிவானது.

இரண்டு முறை ஆடிய பிறகு எல்லோருக்கும் ஒன்று விளங்கியது. யாருக்கும் கடன் கொடுக்காத கடைக்காரர்தான் ஒவ்வொரு முறையும் வென்றார். அன்று "மத்த எல்லாரும்தான்" என்று சொன்ன அதே பையன் பலகையைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

"சேர், கடன் குடுக்காதவன் வெல்லுறது சரியில்ல. எங்கட வாப்பா அப்பிடி இல்ல."

"அப்ப என்ன செய்யலாம்?"

"விதிய மாத்தணும், சேர்."

மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் முடியவில்லை. எல்லோருக்கும் கடன் கொடுத்தால் கடை மூடிவிடுகிறது. கொடுக்காவிட்டால் லயத்தில் அடுப்பு எரிவதில்லை. இரண்டுக்கும் நடுவே எந்த எண்ணை வைப்பது என்று வெள்ளிக்கிழமை தோறும் சண்டை பிடிக்கிறார்கள்.